நான் அழித்த நட்சத்திரம்

சில வருடங்களுக்கு முன், ஒரு மே மாத அமாவாசையன்று, போர்ட் பிளேரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் வண்டூரில் இது நடந்தது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கப்பல் போக்குவரத்து சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கோப்பு எழுதி ஓய்வு பெற்றவன் நான். எந்தக் கடிதத்துக்கு எந்த விதியின் கீழ் பதில் எழுத வேண்டும், எந்தக் கோப்பை எத்தனை வருடம் வைத்திருந்து அழிக்க வேண்டும், யார் யாருக்கு நகல் போக வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாரும் எழுப்பிக் கேட்பதில்லை. அதற்குப் பெயர்தான் ஓய்வு.

ஓய்வு பெற்றவர்களில் சிலர் கோயிலுக்குப் போகிறார்கள், சிலர் டாக்டரிடம் போகிறார்கள். நான் ஒரு தொலைநோக்கி வாங்கினேன். ஆறு அங்குலக் கண்ணாடி வைத்தது. சென்னையிலிருந்து கப்பலில் வந்தது. 'இந்தப் பக்கம் மேலே' என்று அம்புக்குறி போட்ட பெட்டி, அம்பு கீழே பார்த்தபடி வந்து இறங்கியது. நல்ல வேளை, கண்ணாடி தப்பித்தது.

போர்ட் பிளேரில், டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் இருக்கும் என் வீட்டு மாடியிலிருந்து வானம் பார்க்க முடியவில்லை. வாசலில் ஒரு தெருவிளக்கு. அதைக் கேட்டு மூன்று வருடம் மனு மேல் மனுவாகக் கொடுத்து வரவழைத்தவனும் நானே. எனவே இருட்டைத் தேடி வெளியே கிளம்பினேன். வண்டூரில், சுனாமியில் உப்பேறி அதன்பின் எதுவும் விளையாமல் கிடக்கும் ஒரு வயல் இருப்பதாகவும், வடக்கே மரம் மறைக்காது என்றும் மீன் மார்க்கெட்டில் ஒருவர் சொன்னார். எனக்கு வடக்கு முக்கியம். இந்தத் தீவுகளிலிருந்து பார்த்தால் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்குச் சற்று மேலே, எழுந்திருக்க மனமில்லாதது போல் கிடக்கும். அதைப் பிடித்துத்தான் தொலைநோக்கியை நிலைப்படுத்த வேண்டும். ஒரு தென்னை குறுக்கே நின்றாலும் போச்சு.

வயலின் சொந்தக்காரரைப் பார்க்கப் போனேன். கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் எனக்கு வந்த வழியே திரும்பிவிடலாமா என்றிருந்தது.

அவர் ஒரு சுக்கானி. தீவுக்குத் தீவு போகும் பயணிகள் கப்பலில் சுக்கான் பிடித்தவர். தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அப்பா காலத்திலேயே இங்கே வந்தவர்கள். சுமார் இருபது வருடத்துக்கு முன் ஒரு மாலை, வெளிச்சம் மங்கும் நேரத்தில், முன்னால் கடலில் ஏதோ கிடப்பதாகச் சொல்லி, உத்தரவு வருவதற்குள் சுக்கானை ஒரேயடியாகத் திருப்பிவிட்டார். கப்பல் சாய்ந்ததில் பயணிகள் சிலர் விழுந்தார்கள். ஒருவருக்குக் கை முறிந்தது. விசாரணை வந்தது. மேல்தளத்தில் இருந்த வேறு எவரும் கடலில் எதையும் பார்க்கவில்லை. கண் பரிசோதனையில் அவர் தேறிவிட்டார். ஆனாலும் கோப்பில் ஒரு குறிப்பு எழுதப்பட்டது: 'கண்டதாக இவர் கூறும் பொருளை வேறு எவரும் கண்டதாகச் சாட்சியம் இல்லை. எனவே அப்படி ஒரு பொருள் இருந்ததாகக் கொள்வதற்கில்லை.' அதன்பின் அவரைச் சுக்கானில் ஏற்றவில்லை. மீதி சர்வீஸ் முழுவதும் கரையில், ஸ்டோரில், கயிறும் மிதவைச் சட்டையும் எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்தக் குறிப்பை எழுதியவன் நான். நல்ல குறிப்பு என்று மேலதிகாரி பாராட்டினார்.

வாசலில் நின்ற என்னை அவர் மேலும் கீழும் பார்த்தார்.

"அரே, நம்ம கண்ணு சரியில்லன்னு எழுதுன சார்லா? ஆயியே, ஆயியே, உள்ள வாங்க. என்ன வேணும்?"

"கொஞ்சம் இருட்டு வேணும்" என்றேன்.

"அது நம்மகிட்ட நிறைய கெடக்கு. எடுத்துக்கிடுங்க."

அப்படித்தான் எங்கள் பழக்கம் ஆரம்பித்தது. மன்னிப்பு கேட்கும் பேச்சு எழவில்லை. அதற்கான படிவம் எதுவும் என்னிடம் இருந்ததில்லை.

அந்த வருடம் பிப்ரவரியிலிருந்து அமாவாசையை ஒட்டி வண்டூர் போனேன். இங்கே கடிகாரம் மெயின்லேண்டுக்குச் சொந்தம்; சூரியன்தான் எங்களுக்குச் சொந்தம். மே மாதத்திலும் ஐந்தரைக்குச் சூரியன் இறங்கிவிடும், ஏழு மணிக்குள் நல்ல இருட்டு. மெயின்லேண்டில் டீ குடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நாங்கள் நட்சத்திரம் பார்க்க உட்கார்ந்துவிடலாம்.

நான் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு இலக்கு. சப்தரிஷி மண்டலத்தின் வால் பக்கம், வசிஷ்டரும் அருந்ததியும் இருக்கும் இடத்துக்குச் சற்று மேலே, காற்றாடி போல் கைகளை விரித்துச் சுழலும் ஒரு விண்மீன் கூட்டம். கண்ணுக்குத் தெரியாது. தொலைநோக்கியில் பார்த்தாலும் கண்ணாடியில் மூச்சு விட்டது போல ஒரு மங்கல்தான். கேமராவைப் பொருத்தி, இரண்டிரண்டு நிமிடமாக நாற்பது படம் எடுத்து, அவற்றைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் அந்தக் கைகள் வெளியே வரும். அங்கிருந்து வெளிச்சம் நமக்கு வந்து சேர இரண்டு கோடி வருடத்துக்கு மேல் ஆகிறது. கோப்பு நகரும் வேகத்துக்குப் பழகிய எனக்கே அது கொஞ்சம் அதிகம்தான்.

ஏப்ரலில் எடுத்த படம் நன்றாக அமைந்தது. அச்சுப் போட்டு ஒரு பிரதியைச் சுக்கானிக்குக் கொடுத்தேன். அவர் அதை மாதா படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டிவிட்டார்.

"கறிவேப்பிலைக் கொத்து மாதிரி இருக்கு. இதுக்கா ரெண்டு கெழடும் பனியில நின்னிய?" என்றார் அவர் மனைவி. அவருக்கு எங்கள் விஞ்ஞானத்தில் பெரிய மரியாதை கிடையாது. ஆனால் வறுத்த மீன் இல்லாமல் ஒருநாளும் அனுப்பியதில்லை.

இனி அந்த அமாவாசைக்கு வருகிறேன். பருவமழை நிக்கோபார் பக்கம் வந்துவிட்டது, நாளையோ மறுநாளோ இங்கே இறங்கிவிடும் என்று ரேடியோ சொன்னது. சீசனின் கடைசி வாய்ப்பு. என்னிடம் இருபத்து மூன்று அம்சங்கள் கொண்ட நடைமுறைப் பட்டியல் உண்டு. பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறேன். நிலை பார்த்தல், துருவம் பிடித்தல், குவியம் சரிசெய்தல் என்று ஒவ்வொன்றாக டிக் போட்டு, ஆறு ஐம்பதுக்கு முதல் படம் எடுத்தேன். கேமராவிலிருந்து ஒரு ஒயர் லேப்டாப்புக்குப் போகும். எடுக்கும் படம் கேமராவின் கார்டிலும் விழும், லேப்டாப்பிலும் விழும். லேப்டாப் அதை உடனுக்குடன் அடுக்கிக்கொண்டே போகும். சுக்கானி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழரை மணி இருக்கும்.

"சார், இங்க புதுசா ஒண்ணு நிக்கி" என்றார்.

விரல் வைத்த இடத்தைப் பார்த்தேன். வெளிக் கை ஒன்றின் ஓரத்தில் ஒரு புள்ளி. மங்கல்தான். ஆனால் இருந்தது.

"அது கேமரா கோளாறு. சூட்டில் சில இடங்கள் இப்படிப் பொய்யாப் புள்ளி காட்டும்."

"மத்த பொய்யெல்லாம் இடம் மாறி மாறி மினுக்குது. இது நின்ன இடத்துல நிக்கி."

"தூசியா இருக்கும்."

"தூசின்னா கருப்பால்லா விழும்? நீங்கதான அன்னைக்கிச் சொன்னிய."

நான்தான் சொன்னேன். ஞாபகம் வைத்திருந்தார். எனக்கு எரிச்சல் வந்தது. வால் நட்சத்திரம், சிறுகோள், செயற்கைக்கோள், காஸ்மிக் கதிர் என்று அது என்னவெல்லாமாக இருக்கலாம் என்று அடுக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். போன மாசம் இது இல்ல. கரையடையாளம் வச்சிப் பொழச்சவன் நான். டெய்லி பல்லு விளக்கும்போது அந்தப் படத்தத்தான பாக்கேன்" என்றார்.

அப்போது நான் சொன்னதை இன்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. "உங்க கண்ணை நம்பி ஏற்கெனவே ஒரு கப்பல் சாஞ்சது போதும்" என்றேன். வேடிக்கையாகச் சொல்வது போலத்தான் சொன்னேன். அவரும் சிரித்தார். சிரித்து முடித்தபின் ஸ்டூலைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

பழைய படத்தோடு ஒப்பிடுக என்பது என் பட்டியலில் பத்தொன்பதாவது அம்சம். பழைய படம் இருபதடி தூரத்தில் அவர் வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் எழுந்து போகவில்லை. ஒப்பிடாமலே டிக் போட்டேன்.

எட்டேகாலுக்கு மேற்கிலிருந்து மேகம் வந்தது. முதல் துளி விழுவதற்குள் தொலைநோக்கியைக் கேமராவோடு அப்படியே தூக்கி அவர் வீட்டுக்குள் வைத்தோம். மறுநாள் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, லேப்டாப்பை மட்டும் மடியில் கட்டிக்கொள்ளாத குறையாக எடுத்துக்கொண்டு மழையில் காரோட்டி வீடு வந்து சேர்ந்தேன்.

காலையில் காப்பியோடு உட்கார்ந்து படத்தை முடித்தேன். பிரமாதமாக வந்திருந்தது. கைகள் முழுசாக விரிந்து, நடுவில் மஞ்சள், ஓரங்களில் நீலம். அந்தப் புள்ளி மட்டும் உறுத்தியது. இப்படிப்பட்ட கறைகளைத் துடைக்க ஒரு வசதி உண்டு. பக்கத்து வானத்திலிருந்து கொஞ்சம் கருப்பை எடுத்து மேலே பூசிவிடலாம். பூசினேன். ஒரு நொடி வேலை. அசல் படங்கள் நாற்பதும் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. வேலை முடிந்த கோப்பைக் கழிப்பது என் வழக்கம். அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன்.

பிறகு, மெயின்லேண்டிலும் வெளிநாட்டிலும் இருக்கும் அமெச்சூர் வானியல்காரர்கள் கொண்ட ஒரு வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டேன். எடுத்த தேதி, நேரம், இடம் எல்லாம் முறைப்படி கீழே எழுதினேன்.

அரை மணி நேரத்தில் ஒரு பதில் வந்தது.

"ஐயா, நேற்று எடுத்ததா? சூப்பர்நோவா எங்கே?"

எனக்குப் புரியவில்லை. மேலே நகர்த்திப் படித்தேன். நான் மழையில் கார் ஓட்டிய நேரத்துக்குப் பிறகு, வேறு ஒரு நாட்டில் ஓர் அமெச்சூர் அதே விண்மீன் கூட்டத்தில் ஒரு புதிய நட்சத்திரத்தைக் கண்டு அறிவித்திருந்தார். ஒரு பெரும் நட்சத்திரம் தன் ஆயுள் முடிந்து வெடித்திருக்கிறது. இத்தனை பக்கத்தில் இப்படி ஒன்று வெடித்துப் பல வருடம் ஆகிறது என்று உலகமே அதன் பக்கம் தொலைநோக்கியைத் திருப்பிக்கொண்டிருந்தது. யாரோ வட்டம் போட்டுக் காட்டியிருந்தார்கள். வெளிக் கையின் ஓரம். சுக்கானி விரல் வைத்த அதே இடம்.

காப்பி ஆறிப்போனது எனக்குத் தெரியவில்லை.

அதோடு முடிந்திருந்தால் வெட்கத்தோடு போயிருக்கும். அடுத்து இன்னொருவர் எழுதினார், விஷயம் தெரிந்தவர். "இது மிக முக்கியமான படம். கண்டுபிடிப்புக்குச் சில மணி நேரம் முன்பு எடுத்திருக்கிறீர்கள். அந்த நேரத்தில் அங்கே எதுவும் இல்லை என்பதற்கு உங்கள் படமே சாட்சி. வெடிப்பு எப்போது வெளியே தெரிய ஆரம்பித்தது என்று கணக்கிட உதவும். தயவுசெய்து முறைப்படி அனுப்புங்கள்." கீழே வரிசையாகக் கைதட்டல்கள்.

வேறு எவரும் கண்டதாகச் சாட்சியம் இல்லை. எனவே இருந்ததாகக் கொள்வதற்கில்லை. அதே மனிதர் கண்டதை அதே நான் இரண்டாவது தடவையும் இல்லாமல் செய்திருந்தேன். முதல் தடவையாவது எனக்குத் தெரியாது. இப்போது என் விரலாலேயே துடைத்திருக்கிறேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பொய் தானாகவே உலகப் பதிவேட்டில் ஏறிவிடும், எனக்குப் பாராட்டும் வரும். உண்மையைச் சொல்லலாம்தான். ஆனால் அதற்கு ஆதாரம்? அசல் படங்களை அழித்தாயிற்று. 'இருந்தது, நான் துடைத்துவிட்டேன்' என்று வெறும் வாயால் சொன்னால், கண்டுபிடிப்புச் செய்தி வந்தபிறகு ஞாபகம் வந்த பெரிய மனிதர் என்று சிரிப்பார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் குறிப்பு எழுதுவேன்.

கார்டு ஞாபகம் வந்தது. கேமராவுக்குள் இருக்கும் கார்டிலும் அந்த நாற்பது படங்கள் விழுந்திருக்கும். கேமரா வண்டூரில் இருக்கிறது.

'சரிபார்த்துச் சொல்கிறேன், யாரும் இதைப் பயன்படுத்த வேண்டாம்' என்று குழுவில் எழுதிவிட்டு லேப்டாப்போடு கிளம்பினேன். கொட்டுகிற மழை. வழியெல்லாம், மென்பொருள் தானாகத் துடைத்துவிட்டது என்று சொல்லலாமா என்று ஒரு வாக்கியத்தை மனதில் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டே போனேன். செயப்பாட்டு வினையில் எழுதினால் குற்றவாளியே இருக்கமாட்டான். முப்பது வருடம் பழகிய கலை அது.

சுக்கானி வாசலில் உட்கார்ந்து கூரை ஒழுகலுக்கு வைத்த வாளியை மாற்றிக்கொண்டிருந்தார். நனைந்தபடி எதிரே நின்றேன். மனதில் வைத்திருந்த வாக்கியம் வரவில்லை.

"நீங்க பார்த்தது உண்மை. புது நட்சத்திரம். உலகமே அதைத்தான் பார்த்துக்கிட்டிருக்கு. நான் அதைப் படத்திலிருந்து அழிச்சிட்டேன்."

அவர் வாளியைக் கீழே வைத்தார். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார். பிறகு, "பழைய பழக்கம்லா சார். சட்டுனு போயிருமா?" என்றார்.

அடிபட்டது. அடிபட வேண்டியதுதான்.

"கேமரா எங்கே?"

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "ராத்திரி கூரை ஒழுகி நனைஞ்சிட்டு. அரிசிக்குள்ள பொதச்சி வச்சிருக்கேன். எடுத்துராதிய, ரெண்டு நாளு கெடக்கணும்."

கடலோரத்தில் நனைந்த செல்போனுக்கு அதுதான் வைத்தியம். அரிசி டிரம்முக்குள் கையை விட்டுத் தோண்டி எடுத்தோம். பொத்தானை அழுத்தினேன். உயிர் இல்லை. கார்டை வெளியே எடுத்தபோது அதன் பற்களில் தவிட்டுப் பொடி ஒட்டியிருந்தது. அந்த அம்மா என் கையிலிருந்து அதை வாங்கிச் சேலைத் தலைப்பில் துடைத்து, ஊதி, மாதா படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். என் பட்டியலில் அப்படி ஓர் அம்சம் இல்லை. நான் ஆட்சேபிக்கவில்லை.

லேப்டாப்பில் செருகினேன். ஒன்றும் வரவில்லை. எடுத்து மறுபடி செருகினேன். திரையில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. கூரைமேல் மழை. மூன்று பேரும் திரையை நோக்கிக் குனிந்தோம்.

திறந்தது. நாற்பது படங்களும் இருந்தன.

முதல் படத்தைப் பெரிதாக்கினேன். ஆறு ஐம்பது. வெளிக் கையின் ஓரத்தில், ஊசி முனையளவு, இருக்கிறதா இல்லையா என்பது போல் ஒரு புள்ளி. இரண்டாவது படத்திலும் இருந்தது. மூன்றாவதிலும். சுக்கானி சுவரிலிருந்து ஏப்ரல் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்தார். பத்தொன்பதாவது அம்சம், பதினேழு மணி நேரம் தாமதமாக. சுவர்ப் படத்தில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. திரையில் நாற்பதிலும் அது நின்றது. கடைசிப் படத்தில் முதல் படத்தைவிடக் கொஞ்சம் பிரகாசம் கூடியது போல் எனக்குத் தோன்றியது. அது என் ஆசையாகவும் இருக்கலாம்.

எனக்கு அப்போதுதான் அது உறைத்தது. அதுவரை அதைப் புள்ளி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நம் சூரியனைப் போலப் பல மடங்கு பெரிய ஒரு நட்சத்திரம், தன்னைத் தாங்க முடியாமல் உள்ளே சரிந்து வெடித்திருக்கிறது. அந்த வெளிச்சம் கிளம்பியபோது மனிதன் என்று ஒரு ஜந்துவே பூமியில் இல்லை. பார்க்கக் கண்கள் இருந்தன. பெயர் வைக்க ஒரு வாய் இல்லை. இரண்டு கோடி வருடம் எங்கேயும் நிற்காமல், எதிலும் முட்டாமல் வந்து, ஓர் அமாவாசை மாலையில், மழைமேகம் மூடுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பாக, உப்பு வயலில் வைத்த ஆறு அங்குலக் கண்ணாடியில் இறங்கியிருக்கிறது. அது வந்து இறங்கியபோது அங்கே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம். ஒருவர் பார்த்தார்.

"அந்நேரம் உலகத்துல எத்தன பேரு சார் பாத்திருப்பாவ?" என்று கேட்டார் சுக்கானி.

"கேமராக்கள் சில பார்த்திருக்கலாம். இதுதான்னு விரல் வெச்ச மனுஷன் ரொம்பக் கொஞ்சம்."

"அதுல நானும் உண்டுமா?"

"நீங்கதான் உண்டு. நான் இல்ல."

அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "எங்க, காட்டுங்க. இம்புட்டுக்காணுமா? இத நானே பாத்திருப்பேனே" என்றார். ஆனால் அடுப்பில் வைத்த குழம்பை மறந்து வெகு நேரம் அங்கேயே நின்றார்.

அவர்கள் வீட்டிலிருந்தபடியே குழுவுக்கு எழுதினேன். செயப்பாட்டு வினை இல்லாமல் எழுதினேன். 'புள்ளி அங்கே இருந்தது. என்னோடு இருந்த நண்பர் அதைக் கண்டு சொன்னார். நான் நம்பவில்லை. நானே துடைத்தேன். அசல் படங்களை இணைத்திருக்கிறேன்.' முறைப்படி அனுப்பும் படிவத்தில் 'கண்டவர்' என்ற இடத்தில் அவர் பெயரை எழுதினேன். என் பெயரைக் 'கருவி உதவி' என்று போட்டுக்கொண்டேன். எங்களைப் போலவே இன்னும் சிலர், தெரிந்தும் தெரியாமலும், கண்டுபிடிப்புக்கு முன்பே அதைப் படம் பிடித்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. ஆகவே எங்களுக்குப் புகழ் எதுவும் வந்துவிடவில்லை. பெயர் ஒரு பட்டியலில் எங்கேயோ இருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் படிவத்தின் நகலைச் சுக்கானியிடம் கொடுத்தபோது திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன சார், சீல் இல்லியே?" என்றார்.

மறுபடி அரிசிக்குள் புதைத்த கேமரா மூன்றாம் நாள் உயிரோடு எழுந்தது. நான்காம் நாள் மாலை மழை ஓய்ந்து வானம் கழுவி விட்டது போல் திறந்தது. மேற்கே மெல்லிய பிறை. மறுபடி வயலில் நின்றோம். இந்த முறை அந்த நட்சத்திரம் பல மடங்கு பிரகாசமாகியிருந்தது. முதல் படத்திலேயே அது பளிச்சென்று விழுந்தது. அத்தனை கோடி நட்சத்திரங்களும் சேர்ந்து ஒரு மங்கல் புகையாகத் தெரியும் இடத்தில், அது ஒன்று மட்டும் தனியாக, தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு நின்றது.

படங்கள் முடிந்ததும் கேமராவைக் கழற்றிவிட்டுக் கண்ணால் பார்க்கும் வில்லையைப் பொருத்தினேன். சுக்கானி குனிந்தார். கொஞ்ச நேரம் அசையவில்லை.

"நிக்கி" என்றார்.

பிறகு நான் குனிந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சாம்பல் நிற மங்கல் மட்டும்தான். எவ்வளவு முறைத்துப் பார்த்தும் தெரியவில்லை.

"நேரா முறைக்காதிய சார். பக்கத்துல வேற எதையோ பாக்க மாதிரி ஓரமாப் பாருங்க. இருட்டுக் கடல்ல லைட்டு தேடுறவன் நேராப் பாக்கமாட்டான்."

புத்தகத்தில் இருப்பதுதான். என் பட்டியலிலும் இருக்கிறது. ஆனாலும் அவர் சொல்லித்தான் செய்தேன். பார்வையைச் சற்று நகர்த்தியதும், மங்கலின் ஓரத்தில் ஒரு பொறி எழுந்தது. கேமராவும் இல்லை, திரையும் இல்லை. இரண்டு கோடி வருடம் நடந்து வந்த வெளிச்சம் நேரே என் கிழட்டுக் கண்ணுக்குள் வந்து முடிந்தது. எத்தனை நேரம் அப்படியே குனிந்திருந்தேன் என்று தெரியாது. நிமிர்ந்தபோது முதுகு பிடித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கேட்டேன். இருட்டு இல்லாமல் இருந்தால் கேட்டிருக்கமாட்டேன்.

"சுக்கானி, அன்னைக்குக் கடல்ல என்னதான் பார்த்தீங்க?"

அவர் உடனே சொன்னார். யோசிக்கவே இல்லை.

"மரம் சார். பெரிய மரம், வேரோட. பாதி முங்கிக் கெடந்துச்சு. வேரு ஒண்ணு மேல தூக்கிட்டு நின்னுச்சு. அதுல ஒரு கொக்கு உக்காந்திருந்துச்சு. நாம திரும்புனதும் அது பறந்துபோச்சு."

"கொக்கா? கொக்குன்னு விசாரணையில சொல்லியிருக்கலாமே? யாரும் இப்படிக் கற்பனையாச் சொல்லமாட்டாங்களே."

"பாத்தியா, பாக்கலியான்னுதான் கேட்டாவ. என்னத்தப் பாத்தேன்னு யாரு சார் கேட்டா?"

யாரும் கேட்கவில்லை. அந்தக் கோப்பு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, பக்க எண்கள்கூட. மற்றவர்கள் எதைப் பார்க்கவில்லை என்பதற்கு ஆறு வாக்குமூலங்கள் அதில் இருந்தன. அவர் எதைப் பார்த்தார் என்பதற்கு ஒரு வரி இல்லை. கோப்பையும் காலம் முடிந்து கழித்தாயிற்று; கழிக்கும் பட்டியலில் கையெழுத்துப் போட்டவனும் நான்தான். அதற்கு ஒரு கார்டு எங்கேயும் அரிசிக்குள் இல்லை.

அந்த நட்சத்திரம் சில மாதங்களில் மங்கி மறைந்துவிட்டது. இப்போது அதே இடத்தைப் படம் எடுத்தால் ஒன்றும் இருக்காது. சுக்கானி வீட்டுச் சுவரில் அது இல்லாத ஏப்ரல் படமும் அது உள்ள மே படமும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. அவர் பல் விளக்கும்போது இன்னும் அவற்றைப் பார்க்கிறார். இரண்டு கோடி வருடம் பயணம் செய்து வந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டேன் என்று நான் இன்னமும் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் ஒரே ஊரில் இருந்த ஒரு மனிதரிடம் 'என்ன பார்த்தீர்கள்' என்று கேட்க எனக்கு இருபது வருடம் ஆனதைச் சொல்லும்போது மட்டும், வேரின் மேல் உட்கார்ந்திருந்த அந்தக் கொக்கு ஒவ்வொரு தடவையும் என் கண் முன்னால் எழுந்து பறக்கிறது.